லாரி இன்ஜினைப் படகில் ஏற்றும் முன்: விசைப்படகுக்கு டீசல் இன்ஜின் தேர்வு செய்ய முழுமையான வழிகாட்டி

பழைய இன்ஜின் ஓய்ந்ததும் பெரும்பாலானவர்கள் நேராக இன்ஜின் கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு எச்பி எண்ணும் ஒரு விலையும் சொல்வார்கள், அட்வான்ஸ் கைமாறும். அதன் பிறகு கியர் பொருந்தவில்லை, ஷாஃப்ட் தாங்கவில்லை, ப்ரொப்பல்லர் சுற்றவில்லை என்று ஒவ்வொன்றாகச் செலவு வரும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். படகு, அது செய்யும் வேலை, ப்ரொப்பல்லர், கியர் என்று தண்ணீரிலிருந்து மேலே வாருங்கள். இன்ஜின் கடைசி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

இது 40 முதல் 60 அடி வரையுள்ள, மடி (இழுவலை) இழுக்கும் விசைப்படகுகளை மனதில் வைத்து எழுதியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வடிவமைத்த டீசல் இன்ஜினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் இங்கே பேச்சு. கம்பெனியே மாற்றி விற்பதும் உண்டு, அசோக் லேலண்டின் ஏஎல்எம் வரிசை போல. லாரி இன்ஜினை வாங்கிப் பட்டறையில் மாற்றுவதும் உண்டு. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான், இரண்டாவதில் கவனம் அதிகம் வேண்டும்.

1. இன்ஜின்தான் குற்றவாளியா என்று பாருங்கள்

"இன்ஜினில் இழுவை இல்லை" என்று வரும் புகாரில் ஒரு பகுதி இன்ஜினைச் சேர்ந்தது அல்ல. அடிப்பகுதியில் சிப்பி ஏறியிருக்கலாம், ப்ரொப்பல்லர் இலை வளைந்திருக்கலாம், கட்லெஸ் பேரிங் (ஷாஃப்ட்டைத் தண்ணீருக்குள் தாங்கும் ரப்பர் பேரிங்) பிடித்திருக்கலாம். படகைக் கரையேற்றி இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் புகை, எண்ணெய்ச் செலவு, கம்ப்ரஷன் குறைவு இருந்தால் மட்டும் இன்ஜின் பக்கம் போங்கள். அழுக்கான அடிப்பகுதியோடு புது இன்ஜினும் திணறத்தான் செய்யும்.

2. சட்டத்தையும் நாட்களையும் முதலில் முடியுங்கள்

தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் 2020இல் வந்த மாற்றத்தின்படி படகின் நீளம் 24 மீட்டருக்குள், இன்ஜின் 240 எச்பிக்குள் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்கு மேல் வாங்கிவிட்டு, கடை பில்லில் மட்டும் குறைத்து எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வில் இன்ஜினின் மேல் எச்பி பொறித்த தட்டைப் பார்ப்பார்கள், அல்லது தட்டு இல்லாததைப் பார்ப்பார்கள். இரண்டும் வம்பு.

இன்ஜினை மாற்றினால் பதிவுச் சான்றிலும் எண் மாற வேண்டும். அதனால் வாங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய லாரியிலிருந்து கழற்றிய இன்ஜின் என்றால் இது இன்னும் முக்கியம். பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டிய எண், மறுபடி குத்திய எண் தெரிந்தால் எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். எல்லோரும் அப்போதுதான் படகை ஏற்றுவார்கள். லேத்காரருக்கும் வெல்டருக்கும் அப்போது தலைக்கு மேல் வேலை. கியர், ஷாஃப்ட், ப்ரொப்பல்லர் மூன்றையும் மார்ச் மாதமே கையில் வைத்திருப்பவர் ஜூன் 15 அன்று கடலுக்குப் போவார். மே மாதம் ஆர்டர் கொடுப்பவர் துறைமுகத்தில் நின்று மற்றவர்களை வழியனுப்புவார்.

3. படகை அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டில் இவை வேண்டும்: நீர்மட்டத்தில் நீளம் (மொத்த நீளம் அல்ல), அகலம், ஐஸும் டீசலும் வலையும் ஏற்றிய எடை, ப்ரொப்பல்லர் இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை உள்ள இடைவெளி, ஷாஃப்ட்டின் விட்டம், இன்ஜின் பெட்டின் (இன்ஜின் உட்காரும் மேடை) இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், ஷாஃப்ட் நடுக்கோட்டிலிருந்து பெட் எவ்வளவு கீழே, இன்ஜின் அறையின் நீள அகல உயரம், ஷாஃப்ட்டின் சாய்வுக் கோணம்.

ஏற்றிய எடையைக் குறைத்துச் சொல்வதுதான் வழக்கமான தவறு. காலிப் படகுக்குக் கணக்குப் போட்டு வாங்கினால், ஐஸ் நிரப்பிய அன்றே புகை கறுக்கும்.

பாக் நீரிணையில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் வரி. அங்கே ஆழம் குறைவு, படகின் மிதவாழமும் (தண்ணீருக்குள் அமிழும் ஆழம்) குறைவாக இருக்க வேண்டும். அதனால் ப்ரொப்பல்லர் விட்டத்துக்கு ஒரு மேல்வரம்பு முதலிலேயே விழுந்துவிடும். பிறகு வரும் கியர் விகிதமும் எச்பியும் அந்த வரம்புக்குள்தான் அடங்க வேண்டும்.

4. எவ்வளவு எச்பி வேண்டும்

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு இயல்பான வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 45 அடி நீர்மட்ட நீளத்துக்கு 9 நாட். அதைத் தாண்டத் தாண்ட, படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டியிருக்கும். டீசல் அங்கேதான் கரையும்.

அதே படகு ஏற்றிய நிலையில் 30 டன் என்று வைத்துக்கொள்வோம். படகு வடிவமைப்பாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டால், 8 நாட்டுக்குச் சுமார் 95 எச்பி, 9 நாட்டுக்குச் சுமார் 130, 10 நாட்டுக்குச் சுமார் 185 வரும். இரண்டு நாட் கூட்ட எச்பி இரட்டிப்பாகிறது.

டீசலில் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் போகும். 30 கடல் மைல் போக 8 நாட்டில் 3 மணி 45 நிமிடம், ஏறத்தாழ 66 லிட்டர். 10 நாட்டில் 3 மணி நேரம், 103 லிட்டர். முக்கால் மணி நேரம் மிச்சம், 37 லிட்டர் கூடுதல், அதுவும் ஒரு வழிக்கு. தூத்துக்குடி போல அன்றன்று திரும்பும் தொழிலில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு விலை இருக்கலாம். காசிமேட்டிலிருந்து நாள் கணக்கில் தங்கப் போகும் படகுக்கு அது வெறும் நஷ்டம்.

மடி இழுக்கும்போது கதை வேறு. வேகம் 3 நாட் அளவில்தான், ஆனால் இன்ஜின் பெரும் சுமையில் இருக்கும். அங்கே இழுவையைக் கூட்டுவது பெரிய விட்டமுள்ள, மெதுவாகச் சுற்றும் ப்ரொப்பல்லர். 240 எச்பியைச் சிறிய ப்ரொப்பல்லரில் சுற்றுவதைவிட 150 எச்பியைப் பெரிய ப்ரொப்பல்லரில் சுற்றினால் வலை நன்றாக வரும். பக்கத்துப் படகுக்காரர் பெரிய இன்ஜின் போட்டிருக்கிறார் என்பது எச்பியைக் கூட்ட ஒரு காரணமே அல்ல.

5. தட்டில் எழுதியிருக்கும் எச்பியை நம்பாதீர்கள், ரேட்டிங்கைக் கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

லாரியின் இன்ஜின் முழுச் சுமையில் தொடர்ந்து ஓடுவதில்லை. மேட்டில் திணறும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும், சமதளத்தில் பாதிச் சுமையில் உருளும். படகில் இறக்கமே கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமையோடு ஏறி முடித்ததும் மறுபடி முதல் வளைவிலிருந்து ஏறச் சொல்வது போலத்தான் மடி இழுக்கும் வேலை.

அதனால்தான் கடல் இன்ஜின் விற்பவர்கள் ஒரே பிளாக்கைப் பல எச்பியில் விற்கிறார்கள். கம்மின்ஸின் 6.7 லிட்டர் க்யூஎஸ்பி இன்ஜின் 250 எச்பி அளவிலும் இருக்கிறது, 550 எச்பியிலும் இருக்கிறது. இரும்பு அதேதான். 550 என்பது உல்லாசப் படகுக்கு, எப்போதாவது சிறிது நேரம் முழு வேகம் போக. 250 வகை உழைக்கும் படகுக்கு.

அந்தக் கம்பெனியின் பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களின் பட்டியலும் புரியும். தொடர் உழைப்பு வகையில் முழு சக்தியை நேர வரம்பில்லாமல் எடுக்கலாம். கன உழைப்பு வகையில் 10 மணி நேரத்தில் 8 மணி நேரம். நடுத்தர வகையில் 12இல் 6. இடைவிட்ட உழைப்பு வகையில் 8இல் 2. அதற்கும் மேலே உள்ள வகையில் 8இல் 1. மடி இழுக்கும் படகுக்கு முதல் இரண்டைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

பட்டறையில் மாற்றிய லாரி இன்ஜினுக்கு இப்படிப் பட்டியல் இருக்காது. அங்கே நான் பார்ப்பது மூன்று.

ஒன்று, லாரித் தட்டில் உள்ள எச்பியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கணக்கில் எடுப்பேன். 180 என்று இருந்தால் எனக்கு அது 120தான்.

இரண்டு, லிட்டருக்கு எத்தனை எச்பி. 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள பழைய லேலண்ட் 680 வகையில் 180 எச்பி எடுத்தால் லிட்டருக்கு 16 எச்பிதான், அதனால்தான் அந்த இன்ஜின்கள் அப்படி உழைத்தன. லிட்டருக்கு 30 வரை மடி இழுக்கும் வேலைக்கு நிம்மதி. 40ஐத் தாண்டினால் கம்பெனியின் கன உழைப்பு ரேட்டிங் எழுத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.

மூன்று, பிஸ்டன் வேகம். ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே போகும் தூரம்) மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, ஆர்பிஎம்மால் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். டாடா 697 இன்ஜினின் ஸ்ட்ரோக் 128 மி.மீ. 2,400 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 10.2 மீட்டர், 1,800இல் 7.7 மீட்டர். நாள் முழுக்க ஓட 8 மீட்டருக்குள் இருப்பது நல்லது. லைனரும் ரிங்கும் எத்தனை சீசன் வரும் என்பதை இந்த எண் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

கார், வேன் இன்ஜினிலிருந்து வந்தவை உலகம் முழுக்கச் சிறிய உல்லாசப் படகுகளில் இருக்கின்றன. வோல்வோவும் யான்மாரும் அப்படி விற்றதுண்டு. லேசானவை, சத்தம் குறைவு. மடி இழுக்க அவை வேண்டாம். வேகமான சிறிய ரோந்துப் படகுக்கு, பயணப் படகுக்குப் பொருந்தும்.

6. மெக்கானிக்கல் பம்ப்பா, எலக்ட்ரானிக்கா

2020 ஏப்ரல் 1 முதல் வந்த லாரிகள் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்தவை. அதில் காமன் ரெயில் எரிபொருள் அமைப்பு, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), புகை வடிகட்டி, யூரியா டேங்க் எல்லாம் சேர்ந்தே ஒரு இன்ஜின். பழைய லாரியிலிருந்து இதைக் கழற்றினால், இசியு கிளட்ச் எங்கே, பிரேக் எங்கே, யூரியா எங்கே என்று தேடும். கிடைக்காவிட்டால் சக்தியைக் குறைத்துவிடும். கரையிலிருந்து 20 கடல் மைலில் அது நடந்தால் ஸ்கேனர் கொண்டு வர யாரும் இல்லை. கம்பெனியே கடலுக்கென்று மென்பொருள் ஏற்றி விற்கும் எலக்ட்ரானிக் இன்ஜின் வேறு விஷயம், அதை வாங்கலாம், துறைமுகத்தில் சர்வீஸ் ஆள் இருந்தால்.

மற்றவர்களுக்குப் பிஎஸ்3 அல்லது அதற்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜின்தான் என் தேர்வு. டாடா 697, டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் செய்த 5.9 லிட்டர், லேலண்டின் பழைய வகைகள் ஆகியவற்றுக்கு எந்த ஊர் லாரிப் பேட்டையிலும் சாமான் கிடைக்கும். லாரி வழி வந்த இன்ஜினை வாங்குவதன் முழு லாபமே அந்தச் சாமான் கடைதான். உதிரி கிடைக்காத ஒரு லாரி இன்ஜினை மலிவாக வாங்குவதில் எந்த அர்த்தமும் இல்லை.

பம்ப்பில் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது கவர்னர், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். பல லாரி பம்ப்களில் ஐடிலையும் உச்ச வேகத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கும். நடுவில் கட்டுப்படுத்துவது டிரைவரின் கால். படகில் கால் வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அலையில் பின்பக்கம் தூக்கி ப்ரொப்பல்லர் காற்றில் சுற்றினால் ஆர்பிஎம் சட்டென்று எகிறும். எல்லா வேகத்திலும் பிடிக்கும் கவர்னர் வேண்டும். பம்ப் கடையில் கவர்னரை மாற்றித் தருவார்கள், இன்ஜின் படகில் ஏறும் முன் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, நிறுத்தும் சாலினாய்டு. சிலவற்றில் மின்சாரம் இருந்தால்தான் இன்ஜின் ஓடும். ஒரு வயர் உப்பில் அரித்தால் நடுக்கடலில் நின்றுவிடும். கையால் இழுத்து நிறுத்தும் வகைக்கு மாற்றுங்கள்.

7. கியர், ஷாஃப்ட், ப்ரொப்பல்லர்

இது மூன்றும் ஒரே கணக்கு. தனித்தனியாக வாங்கக் கூடாது.

ஷாஃப்ட்டில் வரும் முறுக்கு விசையைக் கண்டுபிடிக்க, கிலோவாட்டை 9,550ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுக்க வேண்டும். பழைய இன்ஜின் 90 எச்பி, 1,500 ஆர்பிஎம், கியர் 2:1 என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட்டில் சுமார் 850 நியூட்டன் மீட்டர். புதியது 150 எச்பி, 2,100 ஆர்பிஎம், கியர் 3:1. ஷாஃப்ட்டில் சுமார் 1,530. ப்ரொப்பல்லர் சுற்றும் வேகம் 750இலிருந்து 700 ஆனதுதான் வித்தியாசம், ஆனால் முறுக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு. பழைய ஷாஃப்ட் 50 மி.மீ என்றால், அதே உலோகத்தில் இப்போது 60க்கு மேல் வேண்டும். ஷாஃப்ட் தடித்தால் ஸ்டெர்ன் டியூப், பேரிங், கப்ளிங், ப்ரொப்பல்லரின் துளை எல்லாம் மாறும். "இன்ஜின் மட்டும் மாற்றினேன்" என்ற பட்ஜெட் உடைவது இந்த இடத்தில்தான்.

கியர் பாக்ஸைத் தேர்வு செய்யும்போது அதன் பட்டியலில் மீன்பிடி அல்லது தொடர் உழைப்பு வரிசையைப் பாருங்கள். இன்ஜினைப் போலவே கியருக்கும் உல்லாசப் படகு ரேட்டிங் ஒன்று இருக்கும், அது பெரிய எண்ணாக இருக்கும். அந்த எண்ணைக் காட்டி விற்பார்கள்.

அப்புறம் பெல் ஹவுசிங், இன்ஜினின் பின்முகத்தையும் கியரையும் இணைக்கும் கூடு. கடல் கியர்கள் எஸ்ஏஇ என்ற பொதுத் தர அளவுகளில் வரும். லாரி இன்ஜினின் பின்முகம் பெரும்பாலும் அந்த லாரியின் கியருக்கென்று செய்தது. நடுவே ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். அதை லேத்தில் கடைந்த பிறகு டயல் கேஜ் வைத்து ஃப்ளைவீலின் மையமும் ஹவுசிங்கின் மையமும் ஒன்றா என்று பார்க்காமல் கியரை மாட்டாதீர்கள். மையம் விலகினால் டாம்பர் பிளேட் (இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் தகடு) உடையும், கியரின் முன் பேரிங் போகும். பழி கியர் கம்பெனி மேல் விழும். டாம்பர் பிளேட் இல்லாமல் நேராக இணைப்பதும் கூடாது. டீசலின் அதிர்வு கியர்ப் பற்களில் தட்டும்.

ப்ரொப்பல்லருக்கு இடத்தில் கிடைக்கும் மிகப்பெரிய விட்டத்தை எடுங்கள். இலை நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே விட்டத்தில் 15 சதவீதம் இடைவெளி விடுங்கள். விட்டத்துக்கேற்ற சுற்று வேகம், அதற்கேற்ற கியர் விகிதம் என்று வாருங்கள். பிட்சை (ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) வலை இழுக்கும் நிலைக்கு வைக்க வேண்டும், காலியாக ஓடும் வேகத்துக்கு அல்ல. ஓட்டத்துக்குப் பிட்ச் போட்டால், வலை விழுந்ததும் இன்ஜின் ஆர்பிஎம் ஏறாமல் கறுப்புப் புகை தள்ளும்.

சுழலும் திசையையும் பாருங்கள். பழைய ப்ரொப்பல்லர் வலக்கையா இடக்கையா, புதிய கியர் முன்னோக்கில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியாமல் இணைத்துவிட்டு ரிவர்ஸில் துறைமுகத்தைத் தாண்டியவர்கள் உண்டு. ரிவர்ஸ் கிளட்சிலேயே நாள் முழுக்க ஓட்டலாமா என்பது கியருக்குக் கியர் மாறும்.

8. குளிர்விப்பும் புகைக்குழாயும்

லாரியில் ரேடியேட்டரும் காற்றும் இருந்தன. படகில் இரண்டும் இல்லை. கடல் நீரை நேராகப் பிளாக்கில் விடுவது மலிவான வழி, மோசமான வழி. 60 டிகிரிக்கு மேல் போனால் உப்பு படியத் தொடங்கும், அதனால் இன்ஜினைக் குளிராகவே ஓட்ட வேண்டியிருக்கும். குளிரான டீசல் சரியாக எரியாது, லைனர் தேயும், பிளாக் உள்ளிருந்து அரிக்கும். லாரி பிளாக்கில் இதற்கென்று எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆக இரண்டே வழி. ஹீட் எக்ஸ்சேஞ்சர்: இன்ஜினுக்குள் நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் சுற்றும், கடல் நீர் குழாய்களுக்குள் ஓடிச் சூட்டை எடுக்கும். குழாய்கள் குப்ரோ நிக்கலாக இருக்க வேண்டும், துத்தநாகத் துண்டு மாற்றத் தனி மூடி இருக்க வேண்டும். நம் கடலில் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும், அதனால் குளிர் நாட்டுக்குக் கணக்குப் போட்ட எக்ஸ்சேஞ்சரை வாங்காதீர்கள். 32 டிகிரிக் கடல் நீரில் இந்த எச்பிக்குப் போதுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மற்றது கீல் கூலிங். படகின் அடியில் பொருத்திய குழாய்களில் நல்ல தண்ணீர் சுற்றும். இரும்புப் படகுக்கு வசதி. கடல் நீர் பம்ப்பும் ரப்பர் இம்பெல்லரும் தேவையில்லை. ஆனால் 3 நாட் வேகத்தில் முழுச் சுமையில் இழுப்பதுதான் இதற்கு மிகக் கடினமான நேரம், ஏனென்றால் குழாய் மேல் தண்ணீர் மெதுவாக ஓடும். அந்த நிலைக்குத்தான் குழாயின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். சிப்பி ஏறினால் சூடேறும் என்பதையும் சேர்த்து.

டர்போ இன்ஜினில் ஆஃப்டர்கூலர் (உள்ளே போகும் காற்றைக் குளிர்விப்பது) இருந்தால் அதற்கும் தண்ணீர் வழி வேண்டும். கியர் ஆயில் கூலருக்கும் வேண்டும். இந்த இரண்டையும் மறந்து பம்ப் அளவு வாங்குவது சகஜம்.

புகைக்குழாயில் ஈரம், உலர் என்று இரண்டு வகை. தண்ணீர் கலந்து விடும் வகையில், தண்ணீர் கலக்கும் இடம் நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 30 செ.மீ மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திய இன்ஜினுக்குள் கடல் ஏறும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும். உலர் வகையில் குழாய் முழுக்க வெப்பக் காப்பு சுற்றுங்கள். குழாயின் எடையை டர்போவின் மேல் தொங்கவிடாமல் நடுவே ஒரு நெளிகுழாய் வைத்துத் தனியாகத் தாங்குங்கள். குழாய் விட்டத்தைக் குறைத்தால் பின்னழுத்தம் கூடி வால்வு சூடேறும். இன்ஜின் பட்டியலில் உள்ள அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

9. பெட், சாய்வு, காற்று

இன்ஜின் பெட்டில் உட்காருமா என்று பார்ப்பது மட்டும் போதாது. லாரி இன்ஜினின் ஆயில் சம்ப் கிட்டத்தட்ட சமமாக நிற்பதற்குச் செய்தது. ஷாஃப்ட் சாய்வில் வைத்தால் ஆயில் பின்னால் ஓடும், உறிஞ்சும் குழாய் முன்னால் இருந்தால் காற்றை உறிஞ்சும். சாய்வு, அணியம் (படகின் முன்பகுதி) தூக்கும் கோணம் இரண்டையும் சேர்த்து இன்ஜினுக்கு அனுமதித்த அளவுக்குள் வர வேண்டும். டிப் ஸ்டிக்கில் புதிய குறியும் வேண்டும். சரியான அளவு ஆயிலை ஊற்றி, சாய்ந்த நிலையில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர், டிப் ஸ்டிக், பம்ப், இம்பெல்லர் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். கைக்கு எட்டாத ஃபில்டரை யாரும் மாற்ற மாட்டார்கள்.

எரிவதற்கு மட்டும் இன்ஜினுக்குக் காற்று வழி எவ்வளவு வேண்டும் என்றால், எச்பியை 3.3ஆல் வகுத்தால் சதுர அங்குலத்தில் கிடைக்கும். 150 எச்பிக்குச் சுமார் 45 சதுர அங்குலம். அது குறைந்தபட்சம். சூட்டை வெளியேற்றத் தனி வழியும் ஃபேனும் வேண்டும். சூடான காற்றை உறிஞ்சும் இன்ஜின் சக்தி இழந்து புகை விடும்.

வின்ச்சுக்கு இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து சக்தி எடுப்பதானால், கிராங்க் மூக்கிலிருந்து பெல்ட்டைப் பக்கவாட்டில் நேராக இழுக்க வேண்டாம். நடுவே தாங்கு பேரிங்குடன் ஒரு சிறு ஷாஃப்ட் வையுங்கள். லாரியில் அந்த மூக்கு சுமந்தது ஃபேனையும் ஆல்டர்னேட்டரையும் மட்டும்தான்.

10. டீசல், மின்சாரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். கேன்களில் வரும் டீசலில் தண்ணீர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடியில் வடிகால், அதன் பிறகு தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், பிறகு இன்ஜினின் சொந்த ஃபில்டர். லாரியில் கழற்றிய பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களைப் படகுக்குக் கொண்டு வராதீர்கள். பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், படகில் ஏற்கெனவே உள்ள விளக்கும் வயர்லெஸ்ஸும் அதோடு பொருந்த வேண்டும். இரும்புப் படகு என்றால் எர்த் தனியாகப் பிரிக்கப்பட்ட ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் வாங்குங்கள், உடலில் மின்சாரம் கசிந்தால் தகடு அரிக்கும்.

11. இப்போது இன்ஜினைப் பார்க்கப் போங்கள்

பழைய இன்ஜின் என்றால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, ஆறிய பிறகு மறுபடி வாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து ஓடவிட்டு ஆவி எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். சூடான நிலையில் ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சம்ப்பைக் கழற்றிக் கிராங்க் பேரிங் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

"ரீகண்டிஷன் செய்தது" என்றால் கிராங்க் எத்தனையாவது அளவுக்குக் கடைந்தது, லைனர் புதியதா, பம்ப் கேலிபரேஷன் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். கடைசி அளவுவரை கடைந்த கிராங்க்குக்கு அடுத்த பழுது கிடையாது, அதோடு முடிந்தது.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். டேட்டா ஷீட், எண் பொருந்தும் பில், அடாப்டர் பிளேட் அளவுகள் கைக்கு வந்த பிறகே பெரிய தொகை.

12. பொருத்திய பிறகு கடலில் சோதனை

அலைன்மென்ட்டைத் தரையில் பார்த்தது கணக்கில் வராது. படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் உடல் சற்று வடிவம் மாறும். ஒரு நாள் மிதக்கவிட்டு, டேங்க் நிரப்பி, பிறகு கப்ளிங் முகங்களின் இடைவெளியை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். 6 அங்குலக் கப்ளிங்கில் வித்தியாசம் 0.15 மி.மீக்கு மேல் இருந்தால் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

சோதனைக்கு ஐஸும் வலையும் டீசலும் ஏற்றிக்கொண்டு போங்கள். முதலில் வலையை இறக்காமல் முழு திராட்டில் கொடுத்து ஆர்பிஎம் பாருங்கள். தட்டில் உள்ள ஆர்பிஎம்மைத் தொட்டு 50 முதல் 100 வரை கூடுதலாகப் போக வேண்டும். தொடவில்லை என்றால் ப்ரொப்பல்லரின் சுமை இன்ஜினுக்கு அதிகம். பிட்சைக் குறைத்தால் ஆர்பிஎம் கூடும். பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டி ஆர்பிஎம்மை ஏற்ற யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். பிஸ்டன் உருகும் இன்ஜின்களில் பாதி அப்படித்தான் தொடங்குகிறது.

பிறகு வலையை இறக்கி ஒரு மணி நேரமாவது இழுங்கள். தண்ணீர் வெப்பம், ஆயில் பிரஷர், புகைக்குழாய் வெப்பம், கியர் பாக்ஸ் வெப்பம் ஆகியவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். தண்ணீர் வெப்பம் ஓரிடத்தில் நிற்காமல் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் கூலிங் அளவு போதவில்லை என்று பொருள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டு அதை மறைக்கக் கூடாது.

இழுக்கும்போது ஆர்பிஎம்மைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி ஆர்பிஎம்மின் மூன்றாம் அடுக்கில் மாறும். 80 சதவீத ஆர்பிஎம்மில் பாதிச் சக்திதான். மடி வாய் விரிந்து நிற்கிற மிகக் குறைந்த ஆர்பிஎம்மைக் கண்டுபிடித்து, டிரைவர் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் 50 மணி நேரத்துக்குப் பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், பெட் போல்ட்களை இறுக்குங்கள், கப்ளிங் இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். அந்தப் பழைய ஆயிலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தங்கினாலோ பால் போல வெளுத்திருந்தாலோ, எக்ஸ்சேஞ்சரையும் ஆயில் கூலரையும் பிரித்துப் பார்க்காமல் அடுத்த நடை போகாதீர்கள்.